அடுப்பங்கரையில் எதை விட்டு வந்தீர்கள்?

நான் ரங்கூனுக்குப் போனதே இல்லை. ஆனால் அந்த ஊர் அடுப்பங்கரைகள் எனக்கு அத்துபடி. எந்த வீட்டில் புளிப்பானை எந்த மூலையில் இருந்தது, எந்த வீட்டு ஜன்னலைத் திறந்தால் ஆற்றுக் காற்றில் அடுப்பு அணைந்துபோகும், யார் உறியில் வெண்ணெயைத் தொங்கவிட்டுக் கதவைப் பூட்டினார் என்பதையெல்லாம் இப்போது கேட்டாலும் சொல்வேன். தெருக்கள்தான் தெரியாது. என் மனதில் இருக்கும் ரங்கூனில் தெருவே கிடையாது. ஒரு சமையலறையில் நுழைந்து, அதன் பின்கதவு வழியாக அடுத்ததற்குள் போய், அப்படியே நடந்து நடந்து கடைசியில் ஒரு பெரிய ஆற்றங்கரையில் வந்து நிற்பேன். இந்த வயதிலும் மத்தியானத்தில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் அங்கேதான் உலாத்திக்கொண்டிருப்பேன்.

மனிதர்களை உட்காரவைத்து நாலு கேள்வி கேட்டு, "போகலாம்", "கூடாது" என்று சொல்லும் வேலைக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். பழைய ஆள் ஏதாவது சொல்லட்டும் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். விதிகளைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அவை மழைக்காலத்து வானம். நான் சொல்லி முடிப்பதற்குள் மாறிவிடும். ஒரே ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அவள் கதையின் முடிவு எனக்குத் தெரியாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் வேலை அப்படித்தான். கப்பல் ஏற்றிவிடுவோம். போய்ச் சேர்ந்தவர்கள் யாரும் ஆபீசுக்குக் கடிதம் போடுவதில்லை.

உலக யுத்தம் முடிந்த மறு வருடம். மயிலாப்பூரில், லஸ் பக்கம், பெரிய மாமரம் நின்ற ஒரு பழைய பங்களாவில் எங்கள் ஆபீஸ். பர்மாவில் பல வருடங்கள் குடியிருந்து, யுத்தத்தால் இங்கே மாட்டிக்கொண்டவர்கள் திரும்பிப் போகச் சான்று கொடுப்பது எங்கள் வேலை. நடந்தே வந்தவர்கள் இருந்தார்கள். யுத்தத்துக்குச் சற்று முன்னால் கல்யாணம், பிரசவம் என்று வந்து, கடல்வழி அடைபட்டதால் இங்கேயே தங்கிவிட்டவர்களும் இருந்தார்கள். "ரெண்டு மாசத்துல வந்துடறேன்" என்று சொல்லி வந்தவர்களுக்கு ஐந்து வருடம் ஓடிவிட்டது. இது அவர்கள் பிறந்த ஊர். ஆனால் வீடு அங்கேதான் இருந்தது.

விதி ஒரே வரிதான். திரும்பிப் போகும் எண்ணத்தோடு வந்தவர்களுக்குச் சான்று உண்டு. எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிட்டவர்களுக்குக் கிடையாது. கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒருத்தர் மனதில் என்ன எண்ணம் இருந்தது என்று கண்டுபிடித்துப் பாருங்கள், தெரியும். "போயிட்டு வரேன்" என்று சொல்லிக்கொண்டு புறப்பட்டதை அத்தாட்சியாக எடுத்துக்கொண்டால் தமிழ்நாடு மொத்தத்துக்கும் சான்று கொடுக்க வேண்டியதுதான்.

பெண்களை விசாரிக்க ஒரு பெண் வேண்டும் என்று என்னை எடுத்தார்கள். நான் சாந்தோம் கிறிஸ்துவக் குடும்பம். எங்கள் வீட்டில் எல்லாருமே வாத்தியார்கள். நான் ஒருத்திதான் தப்பி இங்கே வந்து சேர்ந்தேன். முதல் மாதம் முழுவதும் எனக்குப் பெரும்பாடு என்னவென்றால் கணவன்மார்களின் பெயர்களை வாங்குவது. அந்தக் காலத்தில் கணவன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஒருத்தி சுவரில் இருந்த காலண்டரைக் கைகாட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். காலண்டரில் சிவன், பார்வதி, பிள்ளையார், முருகன் என்று குடும்பமே உட்கார்ந்திருந்தது. ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்து, கடைசியில் அவள் காட்டியது முருகனின் மயிலை என்று புரிவதற்குள் டிராம் இரண்டு முறை போய் வந்துவிட்டது. மயில்வாகனம்.

எங்கள் அதிகாரி மயிலாப்பூர்க்காரர். கண்டிப்பானவர், நேர்மையானவர். பொய் எழுத மாட்டார், எழுதவும் விட மாட்டார். காலையில் பூஜை முடித்து நெற்றி ஈரம் காயாமல் வருவார். ஆரம்பத்தில் எங்களுக்கு மேலிடத்திலிருந்து வந்த கேள்விகள் எல்லாம் ஊர்ப்படத்தைப் பார்த்துத் தயாரித்தவை. பெரிய பகோடா எந்தத் திசையில் இருக்கிறது, கடைத்தெருவுக்கு என்ன பெயர், டிராம் எங்கே திரும்பும். தியாகராய நகரில் ஒரு பூங்கா மரத்தடியில் தரகர்கள் உட்கார்ந்து இந்தப் பதில்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். மகாபலிபுரத்தைத் தாண்டாதவர்கள் கடகடவென்று ஒப்பித்தார்கள். இருபது வருடம் அங்கேயே வாழ்ந்தவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். உங்கள் வீட்டுத் தெருவின் பெயர்ப் பலகையை நீங்கள் கடைசியாக எப்போது படித்தீர்கள்? அதே கதைதான்.

அப்போதுதான் அதிகாரி ஒரு புதிய கேள்வியைக் கொண்டுவந்தார். "புறப்படறச்சே அடுப்பங்கரையில என்ன விட்டுட்டு வந்தேள்னு கேளுங்கோ பிலோமினா. சட்டியில இருந்தாத்தானே ஆப்பையில வரும்." அது அவர் மனைவியின் கேள்வி என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு வரும் காப்பியைப் போலவே அதுவும் வீட்டிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அருமையான கேள்வி, இன்றைக்கும் சொல்வேன். ஒரு வருடத்துப் புளியைக் கொட்டை எடுத்து, உப்புப் போட்டு, பானையில் அழுத்தி மூடி வைத்துவிட்டு வந்தவள் சீக்கிரம் திரும்பத்தான் வந்திருக்கிறாள். புளியையும் மிளகாயையும் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் பானையைக் கவிழ்த்தவள் ஊரைக் காலி செய்துகொண்டு வந்தவள். எந்தத் தரகனுக்கும் இது தோன்றாது. அவன் வாழ்நாளில் புளிப்பானையைத் திறந்திருந்தால்தானே. அடுப்பங்கரை என்றதும் பெண்களின் முகம் மலர்ந்துவிடும். மரத்தூள் அடைத்த அடுப்பு, ஜாடியில் ஊறிய எலுமிச்சை, பர்மாக்காரி பக்கத்து வீட்டிலிருந்து கொடுத்த மீன் கருவாட்டு விழுது, அதை மாமியாருக்குத் தெரியாமல் ஒளித்துவைத்த இடம். மாமர நிழல் மேஜை மேல் மெல்ல நகரும். எதிரே ஒருத்தி தன் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துக்கொண்டிருப்பாள். நான் எழுதிக்கொண்டே பாதிக் கனவில் இருப்பேன். அந்த ஆபீசில் நான் வாங்கிய சம்பளத்தைவிட அந்த மத்தியானங்களே எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

அந்த ஐப்பசியில் பாக்கியம் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம், ஒல்லி. அடையாற்றங்கரைக் குடிசைகளில் தன் அம்மாவோடு இருந்தாள். பூக்கட்டி விற்பவள், விரல் நுனிகளில் நார் அறுத்த கோடுகள். நாற்காலியில் உட்காரச் சொன்னதும் நுனியில் உட்கார்ந்தாள்.

"எப்ப வந்தீங்க?"

"சண்டைக்கு மின்னாடிம்மா. அந்த வருசம் ஐப்பசி."

"எதுக்கு வந்தீங்க?"

"எங்கம்மாகிட்ட ரெண்டு மாசம் இருந்துட்டு வான்னு அது சொல்ச்சு. வந்தேன். அப்பால கப்பல் நின்னுபோச்சு."

அது என்றால் கணவன். ரங்கூனில் மரம் அறுக்கும் மில் ஒன்றில் வேலை. கல்யாணமான கையோடு அவள் அங்கே போனவள். யுத்தம் முடிந்த பிறகு ஆளைப் பிடித்து எழுதிப் போட்ட கடிதம் எதற்கும் பதில் இல்லை. மில் இருக்கிறதா என்றும் தெரியாது.

"பொறப்பட்டப்ப அடுப்பங்கரையில என்னல்லாம் விட்டுட்டு வந்தீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மேஜை விளிம்பைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல."

"புளி, மொளகா, ஊறுகா ஏதாவது?"

"ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் காலி. பான கூட இல்ல."

"யாருக்காவது குடுத்துட்டீங்களா?"

"இல்ல."

அவள் சொன்னதை எழுதிக்கொண்டேன். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, "கப்பல் எப்போம்மா?" என்று கேட்டாள். "சொல்லி அனுப்பறோம்" என்றேன்.

அதிகாரி படித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு அது தெளிவாகத் தெரிந்தது. சட்டி பானை வரைக்கும் காலி செய்துவிட்டுப் பெண்டாட்டியை அவள் அம்மாவிடம் அனுப்பியிருக்கிறான். ஐந்து வருடமாக ஒரு வரி இல்லை. "வேண்டாம்னு அனுப்பிச்சுட்டான் பிலோமினா. அவளுக்கே அது தெரியலை, பாவம். அந்த ஊர்ல இப்போ குண்டு விழாத இடமே இல்லைங்கறா. தனியா ஒரு பொண்ணைக் கப்பல்ல ஏத்தி, யாருமில்லாத எடத்துல எறக்கி விடறதா? இங்க அவ அம்மாவாவது இருக்கா" என்றார். கருணையோடுதான் சொன்னார். கல்நெஞ்சக்காரர் மறுத்தால் சண்டை போடலாம். இரக்கப்பட்டு மறுப்பவரிடம் என்ன செய்வது? மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை அந்தக் கப்பலுக்கான பெயர்களை முடித்துத் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும். அதன் பிறகு விதிகள் மாறப்போகின்றன என்று பேச்சு இருந்தது. இதில் போகாவிட்டால் எப்போது, போக முடியுமா என்பதே யாருக்கும் தெரியாது.

அந்த ஞாயிறு எங்களுக்குக் கல்லறைத் திருநாள். இறந்தவர்களுக்காக வருடத்தில் ஒருமுறை கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவோம். எங்கள் கல்லறைத் தோட்டம் அடையாறு கடலில் கலக்கும் பக்கம் இருக்கிறது. இரவெல்லாம் பெய்த மழை காலையில் விட்டிருந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஒரு வெளுப்பு. சிலுவைகள் எல்லாம் அந்த வெளுப்பில் பாதி கரைந்து நின்றன. வாசலில் பூக்காரிகளின் வரிசையில் ஒரு கூடைச் சாமந்தியோடு பாக்கியம் உட்கார்ந்திருந்தாள்.

சான்று என்ன ஆயிற்று என்று கேட்டால் என்ன சொல்வது? அவள் கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, நல்ல பூவாகப் பொறுக்கி இலையில் வைத்தாள். ஆபீஸ் பேச்சையே எடுக்கவில்லை.

"ஆருக்கும்மா?" என்றாள்.

"என் பையனுக்கு. ஒண்ணரை வயசுல போயிட்டான்."

இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் வந்ததே இல்லை. எங்கள் தெருவில் எல்லாரும் இறந்தவர்களைப் பற்றிச் சாதாரணமாகப் பேசுவோம். அவர்களுக்கென்று திருநாளே இருக்கிறதே. பாக்கியம் கூடையைப் பக்கத்துப் பூக்காரியிடம் தள்ளிவிட்டு என்னோடு உள்ளே வந்தாள். நான் கல்லைக் கழுவினேன். அவள் சற்றுத் தள்ளி, ஈரப் புல்லில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் மெழுகுவத்திச் சுடர் நிற்கவில்லை. அவள் வந்து முந்தானையை விரித்து மறைத்தாள். சுடர் நின்றது.

"வருசா வருசம் நீங்களே வந்து குந்திக்கினு இருப்பீங்களாம்மா?"

"ஆமா."

"எங்க ஆளுங்கள்ல பொம்பளைங்க இடுகாட்டுக்குப் போவ மாட்டோம்." கொஞ்ச நேரம் சுடரையே பார்த்தாள். "எனக்கும் ஒண்ணு அங்க கீது. பொண்ணு. ஆறு வயசு. காச்சல்ல பூட்ச்சு."

அவளே சொன்னாள். தெளிந்த குரலில், யாருக்கோ வழி சொல்வது போலச் சொன்னாள். காரியம் முடிந்து, தீட்டு என்று சட்டி பானைகளையெல்லாம் உடைத்தார்கள். புளி, ஊறுகாய், அரைத்த மாவு, எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். வீட்டைக் கழுவிவிட்டார்கள். புதுப் பானை வாங்கி வந்து வைக்க அவளுக்குக் கை வரவில்லை. "அடுப்பாண்ட போனா புள்ள வந்து முதுவுல சாயற மாரியே இருக்கும். நாலு நாளு பச்சத் தண்ணிதான். அப்பாலதான் அது சொல்ச்சு, நீ போயி உங்கம்மாகிட்ட ரெண்டு மாசம் இரு, நான் புதுப் பான வாங்கி வெக்கறேன், வான்னு."

"இதை ஏன் பாக்கியம் ஆபீசுல சொல்லல?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நல்ல காரியத்துக்கு வந்துட்டு சாவப் பத்திப் பேசலாமாம்மா? பயணம் போற பேச்சு. வாயெடுத்தாலே தடங்கலாய்டும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் பையனுக்காக அல்ல. எங்கள் அருமையான கேள்வி, அதற்கு அவள் சொன்ன உண்மையான பதில், அதைக் கருணையோடு படித்த அதிகாரி. எல்லாருமே சரியாகத்தான் நடந்துகொண்டோம். அவள் மட்டும் கரையிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க பொதச்சாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றாள் எழுந்துகொண்டே. "அதுதான் தோள்ல போட்டுக்கினு போச்சு. நான் வாசல்லயே நின்னுட்டேன். அது காட்னாத்தான் எனக்குத் தெரியும். இங்க வந்து, வருசம் பூரா இங்க பூ வித்து, உங்காளுங்கள்லாம் பக்கத்துல குந்திக்கினு இருக்கறதப் பாத்தப்பாலதான் எனக்கும் தோணுது. ஒருவாட்டி பக்கத்துல போய்க் குந்தணும்."

திங்கட்கிழமை காலை அதிகாரியின் அறைக்குப் போனேன். பெயர்கள் மேஜை மேல் இருந்தன. மாலைக்குள் ஆள் வந்து வாங்கிப் போவான். வெளியே மறுபடி மழை.

"சார், அந்த பாக்கியம்..."

"அது முடிஞ்சுடுத்தே."

"அடுப்பங்கரை காலின்னு எழுதினோம். ஏன் காலின்னு கேக்கல சார். வீட்டுல சாவு."

அவர் கையை உயர்த்திவிட்டார். "காலங்கார்த்தால வந்து என்ன பேச்சு இது? ஜனங்க பயணம் போற பட்டியலை வெச்சுண்டு உக்காந்துண்டிருக்கேன்."

அந்த உயர்த்திய கையைத்தான் நான் இன்னும் மறக்கவில்லை. அதே காரணத்துக்காகத்தான் அவளும் வாயை மூடிக்கொண்டாள். அவரிடம் சொல்ல முடியாது, அவள் சொல்லக் கூடாது. பிள்ளைகளே, உத்தியோகத்தில் மேலதிகாரி கையை உயர்த்தினால் நிறுத்துவதுதான் மரியாதை. பெரும்பாலும் நானும் நிறுத்தியிருக்கிறேன். அன்றைக்கு நிறுத்தவில்லை. அவள் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்லி முடித்தேன். வேலை போய்விடும் என்றுகூட நினைத்தேன்.

அவர் வெகுநேரம் மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்கம்மா போனப்போ எங்காத்துலயும் எல்லாத்தையும் கொட்டினா" என்றார். "எனக்கு ஏன் தோணாமப் போச்சு?"

கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரி, காலியானதுக்குக் காரணம் தெரிஞ்சுடுத்து. ஆனா இதை நான் ஒத்துண்டா நாளைக்கே அந்த மரத்தடித் தரகன் எல்லாருக்கும் சொல்லிக்குடுத்துடுவான். வர்ற பொண்ணெல்லாம் அங்க ஒரு கொழந்தை போயிடுத்துன்னு சொல்லிண்டு வந்து நிப்பா. அப்போ என்ன பண்றது?"

"சொல்ல மாட்டாங்க சார்."

"எப்படிச் சொல்றேள்?"

"எந்தத் தாய் சார் அந்தப் பொய்யைச் சொல்லுவா? கப்பலுக்கு இல்ல, சொர்க்கத்துக்கே சான்று குடுக்கறோம்னாலும் அது வாயில வராது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆமாம்" என்றார் மெதுவாக. "வராது."

பின்னால் ஒரு தரகன் முயன்று பார்க்கத்தான் செய்தான். ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பினான். அவள் தெருப் பெயர், பகோடா, மரத்தூள் அடுப்பு எல்லாம் சரியாகச் சொன்னாள். அந்த இடம் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டாள். "இத மட்டும் என்னால சொல்ல முடியாதும்மா, எனக்கு நாலு புள்ளைங்க கீது" என்று படி இறங்கிப் போய்விட்டாள். தரகன் அதோடு விட்டுவிட்டான்.

இப்போது உங்களுக்குச் சொல்ல வந்தது. நல்ல கேள்வி ஒன்று உங்களுக்கு வாய்க்கும். நூறு பேரிடம் அது சரியாக வேலை செய்யும். அதற்காகவே அதைக் கண்டு பயப்படுங்கள். பதில் கிடைத்த சந்தோஷத்தில் பேனாவைத் திறந்துவிடுவீர்கள். எதிரே இருப்பவர் சுருக்கமாக, நேர்மையாக, தனக்கே பாதகமாக ஒரு பதில் சொன்னால், கொஞ்சம் பொறுங்கள். உங்களிடம் சொல்லக் கூடாத ஏதோ ஒன்று அவரிடம் இருக்கிறது. நாம் எதைக் காதில் வாங்க மாட்டோமோ, அதை அவர்கள் சொல்ல மாட்டார்கள். அவர்களிடம் குறை இல்லை. கை உயர்த்தியது நாம்தான்.

அன்று மத்தியானம் நானே ரிக்ஷா வைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்ப் பாக்கியத்தை அழைத்துவந்தேன். அவள் கணவன் உயிரோடு இருக்கிறானா, மில் இருக்கிறதா, புதுப் பானை வாங்கினானா என்று அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது. எனக்கு இன்றைக்கும் தெரியாது. திரும்பிப் போக அவளுக்கு ஓர் இடம் இருந்தது என்று மட்டும் தெரியும்.

நனைந்த தலையைத் துடைத்துக்கொண்டு அதே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அதிகாரி அவள் தாளை எடுத்துத் தன் முன் வைத்துக்கொண்டார். பர்மாவில் இப்போது இருக்கும் உறவினர்கள் என்று அதில் ஓர் இடம் உண்டு. கணவன் பெயரை நான் முன்பே எழுதியிருந்தேன். அதற்குக் கீழே காலியாக இருந்தது.

"கொழந்தை பேர் என்னம்மா?" என்றார்.

அவள் திகைத்து என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

"சொல்லு. தோஷமில்லை" என்றார் அவர்.

"அஞ்சல" என்றாள்.

அவர் கணவனின் பெயருக்குக் கீழே 'மகள், அஞ்சலை' என்று எழுதினார். பக்கத்தில் வயதுக்கு இடம் இருந்தது. பேனாவை அங்கே நிறுத்தினார்.

"வயசு?"

"வர்ற தையோட பதினொண்ணு ஆவுது சாமி" என்றாள் பாக்கியம்.

அவர் தலையைத் தூக்கவில்லை. பேனா காகிதத்துக்கு மேலேயே சற்று நேரம் நின்றது. ஒரு பொய்யும் எழுதாத அந்த மனிதர், அவள் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.